மூன்று அண்ணன் தம்பிகளும் ஒரு குச்சிக்கிழங்கும்

திருச்சூர்க்கார நண்பர் ஒருவரை ஒருமுறை கல்வராயன் மலைக்கு அழைத்துப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலையில் இறங்கினோம். டீக்கடைக்காரர் பேச்சுவாக்கில், “இங்க நாங்க எல்லாருமே மலையாளிங்கதான் சார்” என்றார். நண்பரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், துபாய் விமான நிலையத்தில் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தவனுக்குக்கூட அப்படி வராது. “ஞானும் மலையாளியா!” என்று எட்டிப் பிடித்துக் கையைக் குலுக்கினார். கடைக்காரர் நண்பரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அன்போடு கேட்டார்: “அப்படிங்களா! எந்த மலை? கொல்லிமலையா, பச்சமலையா?”

தமிழ்நாட்டின் 37 பட்டியல் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இந்த மலையாளிகள். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். பேசுவது தமிழ். கேரளத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர், அதனால் மலையாளி. அந்தப் பக்கத்து மலையாளிக்கும் பெயர் வந்தது இதே மலையிலிருந்துதான். ஒரே சொல்லை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதை மொழிக்குப் பெயராக்கி, மாநிலம் அமைத்து, சினிமா எடுத்து உலகப் புகழ் அடைந்தார். மற்றவர் அதே பெயரோடு வெள்ளிமலையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார்; வருகிற போகிறவர்களுக்கெல்லாம் “கேரளா இல்லீங்க” என்று விளக்குவது கூடுதல் வேலை.

சமவெளிக்காரர்களான நமக்கு ஒரு கணக்கு மனப்பாடம். நாம் வரலாறு உள்ளவர்கள். மலைக்காரர்கள் வரலாற்றுக்கு முன்பிருந்தே அங்கேயே இருப்பவர்கள். பாறை, மரம், மான், மலையாளி என்ற வரிசையில் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டவர்கள். இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம். முதலில் சமவெளி.

எங்கள் பக்கத்துப் பெருமை என்றால் திருக்கோவிலூர். பெருமைக்குரியவர் மலையமான் திருமுடிக்காரி. பெயரில் மலை, குடியிருப்போ தென்பெண்ணை ஆற்றங்கரை. தொழில், இன்றைய மொழியில் சொன்னால், ஒப்பந்தப் படை. சேர சோழ பாண்டியர் மூவருக்கும் சண்டை வந்தால் காரி வீட்டு வாசலில்தான் வரிசை. ஜெயித்தவனும் காரியைத்தான் காரணம் சொன்னான், தோற்றவனும் காரியைத்தான் காரணம் சொன்னான். அப்படிப்பட்டவர் கொல்லிமலை ஓரியைக் கொன்று, அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தார். பிறகு தகடூர் அதியமான் வந்து காரியின் கோவலூரை அடித்து நொறுக்கினார்.

கடையெழு வள்ளல்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் ஒப்பித்தோமே, காரியும் ஓரியும் அதியமானும் அந்த ஏழு பேரில் மூவர். வள்ளல்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஓரி உயிரைக் கொடுத்தார். காரி ஓரியின் மலையைக் கொடுத்தார். அதியமான் காரிக்கு அடி கொடுத்தார். கைமாறிய மலையில் குடியிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

அதே திருக்கோவிலூருக்குத்தான் கபிலர் வந்தார். பாரி இறந்தபின் அவன் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று வீரட்டானேசுவரர் கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றுக்குள் இருக்கும் பாறைக்குக் கபிலர் குன்று என்றே பெயர். இந்தக் கபிலர்தான் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியவர். மலை என்றால் தமிழ், தமிழ் என்றால் மலை என்று நாம் நெஞ்சை நிமிர்த்தும் அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டதாம்? பிரகதத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க. தமிழ் மலையின் மிகப் பெரிய பூக்கடை, வெளியூர்க்காரருக்கு எடுத்த டியூஷனில் திறந்தது.

ராஜராஜனின் அம்மா வானவன் மாதேவியும் மலையமான் வீட்டுப் பெண்தான். பொன்னியின் செல்வன் படம் வந்த 2022-இல் தஞ்சாவூர் நண்பர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோது, நாங்கள் ஓர் ஓரமாக நின்று தாய்மாமன் முறைக்கு மாலை வருமா என்று பார்த்தோம். வரவில்லை.

இப்போது மலைக்கு வருவோம். மலையாளிகள் தங்கள் பூர்வீகத்தைத் தாங்களே சொல்லும் கதை ‘உலகம் தோன்றியபோது’ என்று தொடங்காது. ‘நாங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோம்’ என்று தொடங்கும். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். தலைப்பிள்ளைக்கே பெரியண்ணன் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்றால், பின்னால் இரண்டு வரும் என்று அறிந்த தீர்க்கதரிசிகள் அந்தப் பெற்றோர்.

ஏன் கிளம்பினார்கள் என்பதில் பாடபேதம் உண்டு. கரிராமன் என்ற சாமிக்குக் காஞ்சிபுரம் பிடிக்காமல் போய், அவர் மலைக்குக் கிளம்ப, இவர்கள் பின்னாலேயே நடந்தார்கள் என்பது ஒன்று. திரும்பிய பக்கமெல்லாம் கோவில் உள்ள ஊரில் ஒரு சாமிக்கு மூச்சு முட்டியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. இன்னொரு பாடத்தில் அண்ணன் தம்பிகள் வேட்டைக்குப் போகிறார்கள். கூடப் போன நாய்கள் மட்டும் முன்னதாக வீடு திரும்புகின்றன. புருஷன்மார் செத்துவிட்டார்கள் என்று நினைத்து மனைவியர் தீயில் இறங்கிவிடுகிறார்கள். பின்னால் வந்தவர்கள் சாம்பலைப் பார்த்துவிட்டு, மறுபடி மலையேறி, அங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். ஆனால் நாய்கள் மட்டும் வழியில் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் தாமதித்திருந்தால், மலைகள் காலியாகக் கிடந்திருக்கும்.

மலையடிவாரத்து ஊரின் பெயரைப் பாருங்கள்: கச்சிராயபாளையம். கச்சி என்றால் காஞ்சியேதான். ஆக மேலேயும் காஞ்சிபுரம், கீழேயும் காஞ்சிபுரம். பட்டுச் சேலைக் கடை மட்டும்தான் பாக்கி. ‘நாங்கள் வந்தவர்கள்’ என்று தாங்களே சொல்லும் ஜனங்களுக்கு நாம் ஆதிவாசி என்று பேர் வைத்திருக்கிறோம். எங்கிருந்து எப்போது வந்தோம் என்பதே மறந்துபோன நாம், மண்ணின் மைந்தர்கள்.

இதை விசாரித்துத் தீர்க்க ஒரு துரை வந்தார். எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் ஏழு தொகுதிகளாக அடுக்கி 1909-இல் வெளியிட்டவர். அவருக்குப் பிடித்த ஆயுதம் அளவுகோல். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் மனிதனின் இனம் தெரிந்துவிடும் என்று அந்தக் காலத்து விஞ்ஞானம் நம்பியது. எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்த்து வயதைத்தான் சொல்வார்கள். மாட்டின் பூர்வீகத்தைச் சொல்ல எந்தத் தரகரும் துணிந்ததில்லை.

ஆனாலும் தர்ஸ்டன் காது கேளாதவர் அல்லர். இவர்கள் காட்டிலேயே தோன்றிய குடிகள் இல்லை, சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ் உழவர்கள் என்று எழுதிவைத்தார். மலையாளிகள் பட்டியலில் இருப்பது சரியா என்று உடனே யாரும் கிளம்ப வேண்டாம். சரிதான். சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எட்டாமல் கிடந்த தலைமுறைகளின் கணக்கு அது. மூக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, யார் முதலில் வந்து துண்டு போட்டார் என்பதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தலைமுறைகளின் கதையில் அடுத்து வருகிறவர் கிருஷ்ணதேவராயர், ஆட்சி 1509 முதல் 1529 வரை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் மலை இருந்தது. அது ராயர் கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்லும் உரிமைக் கதை. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். கன்னட தேசத்தில், துங்கபத்திரைக் கரையில் தலைநகரம் வைத்திருந்த ராஜா. அவர் காவியம் எழுதியது தெலுங்கில். அந்தக் காவியத்தின் நாயகி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். அவர் மலையைத் தூக்கிக் கொடுத்தது காஞ்சிபுரத்துப் பூர்வீகம் சொல்பவர்களுக்கு. கொடுத்த சொத்துக்கு நிலைத்த பெயர் ஜாகீர், பாரசீகச் சொல். இதில் கலப்படமில்லாத தமிழ்ப் பண்பாடு எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் கல்வராயன் மலைக் கடுக்காய் ஒரு கிலோ கொடுக்கப்படும்.

ராயர் போனார், நவாபு வந்தார், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். ஜாகீர் போகவில்லை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, அது மலையேறவில்லை. 1976-இல்தான் ஜாகீர்கள் முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அது எந்த நேரம்? நாட்டில் நெருக்கடி நிலை. சென்னையில் ஆட்சியைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சி. கீழே அத்தனை பேரும் சுதந்திரம் போய்விட்டதே என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்த வருடத்தில், மேலே அது வந்து சேர்ந்தது. 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவில் டெல்லியில் கிளம்பிய சுதந்திரம், கச்சிராயபாளையத்தில் பஸ் கிடைக்காமல் 29 வருடம் நின்றிருக்கிறது.

கதை பேசினால் பசிக்கும். டீக்கடைக்காரர் ஆவி பறக்க வேகவைத்த குச்சிக்கிழங்கைத் தட்டில் வைத்தார். நண்பர் மறுபடி துள்ளினார்: “கப்பா! எங்கள் பாரம்பரிய உணவு!” கடைக்காரருக்கு இந்த முறை விட்டுக்கொடுக்க மனமில்லை. “இது எங்க மலைக் கிழங்குங்க” என்றார். இரண்டு மலையாளிகளும் பிரேசில்காரனின் சொத்துக்கு என் கண் முன்னாலேயே பாகப் பிரிவினை நடத்தினார்கள்.

ஆமாம், தென் அமெரிக்காக் கிழங்குதான். போர்ச்சுகீசியக் கப்பலில் கடல் கடந்து வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊர் ஊராகப் பயிரிட வைத்தார். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது சேலத்தில் ஆலைகள் முளைத்தன. கிழங்கு மாவு உருண்டு ஜவ்வரிசி ஆனது. ஜவ்வரிசி என்றால் ஜாவா அரிசி. அசல் ஜவ்வரிசி தென்கிழக்காசியத் தீவுகளில் ஒரு பனையின் தண்டிலிருந்து எடுத்தது. ஜாவா பெயரில், பிரேசில் கிழங்கில், சேலத்தில் செய்த அந்த உருண்டைதான் நம் கல்யாணப் பந்தியின் பாயசம். மராட்டியத்தில் ஏகாதசிக்கு அரிசி ஆகாது, கோதுமை ஆகாது. ஆனால் ஜவ்வரிசிக் கிச்சடி தாராளமாக ஆகும். விரத விதிகளை வகுத்த முனிவர்களுக்குப் பிரேசில் தெரிந்திருக்கவில்லை. கிழங்கு தப்பித்தது.

எங்கள் தட்டில் தொட்டுக்கொள்ள வைத்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. டீ சீனா. உப்பு மட்டும் மரக்காணமாக இருக்கலாம். மலையின் பழைய பயிர்களான சாமையும் வரகும் தினையும், சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ‘பாரம்பரியம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

சாப்பாட்டைச் சொன்னால் குடியையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் செத்தார்கள். இந்த வரியில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஒரு பார்வை. அந்தப் பார்வை நேரே மலைக்குப் போனது: ‘அது அவங்க கலாசாரம்.’ மலையில் ஊறல் போடுவதும், போலீஸ் போய் அழிப்பதும் பொய்யில்லை. அன்றைக்குக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலையில் உற்பத்தியாகி, பீப்பாயில் அடைத்து, லாரியில் போகும் ரசாயனம். எந்த மலையின் பட்டையிலும் வேரிலும் அது இறங்குவதில்லை. கூலி குறைவு, வலி அதிகம், விலை மலிவு என்று ஆறு வார்த்தையில் சொல்ல வேண்டியதைக் ‘கலாசாரம்’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் விசாரணை சீக்கிரம் முடியும் என்பதுதான் அந்தச் சொல்லின் வசதி.

சரி, நாமாவது இருந்த இடத்தில் இருந்தோமா? கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். பிறந்த தெருவிலேயே வாக்கப்பட்டவர். அவர் பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். ஆற்காடு என்ற ஊர் அதில் கிடையாது. 1993-இல் அவர் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டத்துக்குக் குடிபோனார், திண்ணையை விட்டு இறங்காமலேயே. 1997-இல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு வெறும் விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம். அலெக்சாண்டர் குதிரையில் சுற்றியதை ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே சுற்றினார்.

ஆயாவுக்கு இது வேடிக்கை. மலையாளிகளுக்கு வயிற்றுப்பாடு. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முகவரி இருக்கிறது: தர்மபுரி, வடாற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளி. இரண்டு ஆற்காடுகளும் வரைபடத்தில் இல்லை. பட்டியலில் மட்டும் சிரஞ்சீவியாக இருக்கின்றன. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. அதே பேச்சு, அதே சாமி, அதே அண்ணன் தம்பி கதை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் வெறும் குடி. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பும்போது சின்னண்ணன் எதிர்கால மாவட்ட எல்லைகளை விசாரித்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.

சான்றிதழில் சந்தேகம் வந்தால் விசாரணை உண்டு. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு முறை வகுத்தது. தெய்வம் எது, சடங்கு என்ன, கல்யாணம் எப்படி, சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று பண்பாட்டைக் கேட்டுப் பார்ப்பதும் அதில் அடக்கம். 2023-இல் அதே நீதிமன்றம், இந்தக் கேள்விகளை மட்டுமே உரைகல்லாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்றது. மலைக்காரனுக்கு வைக்கும் பரீட்சையை நானும் ஒருமுறை எழுதிப் பார்ப்போமே என்று ஓர் இரவு உட்கார்ந்தேன். தமிழன் என்பதற்கான சான்று.

குலதெய்வம்? பேர் தெரியும், வழி தெரியாது. கூகுள் மேப் ஒரு பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் விட்டது. கல்யாண முறை? மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு, முந்தின நாள் மெஹந்தி, பந்தியில் கோபி மஞ்சூரியன், தாலி கட்டும்போது தலைக்கு மேல் ட்ரோன். சாவுச் சடங்கு? ஃப்ரீசர் பெட்டி, ஃபிளெக்ஸ் பேனர். உடை? வேட்டி, வருடத்துக்கு இரண்டு முறை, பெல்ட் போட்டு. மொழி? “அதான் ஃபுல்லா தமிழ்லதானே சார் ஃபில்லப் பண்ணியிருக்கேன்.” அதிகாரி நாற்காலியிலும் நானே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன்: ‘விண்ணப்பதாரரிடம் கோரப்பட்ட பண்பாட்டுக் கூறுகள் போதிய அளவில் காணப்படவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.’ மேல்முறையீட்டுக்குத் தர்ஸ்டன்தான் வர வேண்டும். மூக்கு இருக்கிறது.

நண்பரோடு போன அன்றைக்கு, மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸுக்கு நிற்கும்போது, திண்ணையில் ஒரு பெரியவர். நண்பர் விடவில்லை, அவரிடமும் பூர்வீகம் கேட்டார்.

“நாங்க காஞ்சிபுரம்,” என்றார் பெரியவர், நேற்றுதான் சாமான் இறக்கியவர் போல. பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க எங்கேர்ந்து வந்தவங்க?”

“கள்ளக்குறிச்சிதாங்க.”

“அது இப்ப. அதுக்கு முன்ன?”

“விழுப்புரம் மாவட்டம்.”

“அதுக்கும் முன்ன?”

“தென்னாற்காடு.”

“அட, அதுக்கும் முன்ன?”

நண்பரும் ஆவலோடு என் முகத்தையே பார்த்தார். பஸ் ஹாரன் அடித்தது. பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“வந்த வழி மறந்துபோச்சுபோல. பரவால்ல, இருட்டறதுக்குள்ள ஏறுங்க.”